எண்பது பூச்சியும் ஒரு மண்புழுவும்

எங்க வயல் வரப்பில மண்புழு கிடைக்கல. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். ஆனா அதைச் சொல்றதுக்கு அமெரிக்கா வரைக்கும் போய்ட்டு வரணும். கொஞ்சம் பொறுமையா வாங்க.

மார்கழிக் கடைசியில என் தம்பி மகன் குடும்பத்தோட ஊருக்கு வந்திருந்தான். கொலராடோவில, டென்வர் பக்கம் வேலை பார்க்கிறான். அவன் பையனுக்கு ஒன்பது வயசு. வந்த மறுநாள் காலையிலேயே, “தாத்தா, மீன் பிடிக்கப் போலாமா?” என்று நின்னான். தாமிரபரணித் தண்ணியில வளர்ந்தவன்கிட்ட கேட்கிற கேள்வியா இது? மூங்கில் கம்பு, நரம்பு, மயிலிறகுத் தண்டில தக்கை, சின்னதா ஒரு முள். பத்து நிமிஷத்தில தூண்டில் தயார். இரைக்கு மண்புழுதான் பாக்கி.

“அதுக்கு என்ன, நம்ம வரப்பில ஒரு வெட்டு வெட்டினா கைநிறைய வரும்” என்று சொல்லிட்டு, மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு முன்னால நடந்தேன். ஒரு இடத்தில வெட்டினேன். இல்ல. நாலடி தள்ளி வெட்டினேன். இல்ல. எட்டு இடம் வெட்டியாச்சு. பையன் டப்பாவைத் திறந்து வச்சபடியே நிக்கான். கடைசியில மாட்டுத்தொழுவுக்குப் பின்னால எருக்குழி ஓரத்தில போய்த்தான் ஒரு பிடி சேர்ந்தது.

“வயல்ல ஏன் தாத்தா இல்ல?”

“தண்ணி வத்தினா கீழ போயிரும்லே” என்றேன். பொய். பிசானப் பயிர் பொதி கட்டி நிக்கிற நேரம் அது. வயல்ல தண்ணி கிடந்தது. வரப்பு ஈரமாத்தான் இருந்தது.

அன்னிக்கு பையனுக்கு ரெண்டு கெண்டையும் ஒரு கெளுத்தியும் கிடைச்சது. அவனுக்கு வானத்தில பறக்கிற சந்தோஷம். எனக்கு மட்டும் அந்த எட்டுக் குழியும் மனசில கிடந்தது.

சாயந்திரம் திண்ணையில உட்கார்ந்திருக்கும்போது, தம்பி மகன் தன் பெட்டியில இருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கிட்டு வந்தான். நகைக்கடை டப்பா மாதிரி உள்ளே வரிசை வரிசையா அறை. ஒவ்வொரு அறையிலயும் இறகும் மயிரும் நூலும் வச்சுக் கட்டின குட்டிக் குட்டி முள். தூரத்தில இருந்து பார்த்தா செத்த கொசு, ஈ, ஈசல் மாதிரி இருக்கு. டிரவுட் மீன் பிடிக்கிறவங்க இதை ‘ஃப்ளை’ என்கிறாங்க. உயிர் இரை கிடையாது. பூச்சி மாதிரி வேஷம் போட்ட முள்.

“எத்தனைடா இருக்கு?”

“வாங்கினது எண்பது பெரியப்பா. இப்ப இதில பாதி இருக்கும். ஆனா நான் போடுறது அஞ்சுதான்.”

அப்புறம் அவன் சொன்ன கதைதான் என்னை இதை எழுத வச்சது.

மூணு வருஷத்துக்கு முன்னால அவனுக்கு டிரவுட் பிடிக்கிற ஆசை வந்திருக்கு. அங்க லைசென்ஸ் வாங்காம தூண்டில் போடக்கூடாது. அதை வாங்கினான். கம்பு, அதுக்கான நரம்பு, இடுப்புவரைக்கும் போடுற ரப்பர் கால்சட்டை, எல்லாம் வாங்கினான். எந்தப் பூச்சி நல்லதுன்னு தெரியாததால எல்லாத்தையும் வாங்கினான். சவுத் பிளாட் என்று ஒரு ஆறு. பனி உருகி வர்ற சில்லுத் தண்ணி. அந்தக் கோடை முழுக்கப் போயும் ஒரு மீன் கூட இல்ல. ஒரு பூச்சியைக் கட்டுவானாம், நாலு தடவை வீசுவானாம், மீன் தொடலைன்னா அவிழ்த்துட்டு அடுத்ததைக் கட்டுவானாம். “தண்ணியில இருந்த நேரத்தைவிட முடிச்சுப் போட்ட நேரம் அதிகம் பெரியப்பா.”

ஒருநாள் பக்கத்தில மீன் பிடிச்சுக்கிட்டு இருந்த ஒரு பெரியவர் இவனைப் பார்த்துட்டு வந்திருக்கார். அவன் டப்பாவை நீட்டி, “இன்னிக்கு இதில எது எடுக்கும்?” என்று கேட்டிருக்கான். அவர் டப்பாவைப் பார்க்கவே இல்லையாம். குனிஞ்சு, தண்ணிக்குள்ள கிடந்த ஒரு கல்லை எடுத்துப் புரட்டிக் காட்டினாராம். கல்லோட அடியில மூணு வால் வச்ச பழுப்புப் பூச்சிகள் ஊர்ந்துக்கிட்டு இருந்தது. மணலையும் குச்சியையும் ஒட்டித் தனக்கு ஒரு குழாய் வீடு கட்டிக்கிட்டு உள்ளே இருந்தது இன்னொரு புழு. “மீன் சாப்பிடுறது இது. இந்த அளவுக்கு, இந்த உருவத்துக்கு உன் டப்பாவில என்ன இருக்குன்னு இப்பப் பாரு” என்றாராம்.

இந்த மூணு வால் பூச்சிக்கு மேஃப்ளை என்று பேர். தண்ணிக்கடியில மாசக்கணக்கா, சிலது ஒரு வருஷம் வரைக்கும் வாழும். றெக்கை முளைச்சு வெளியே வந்தா ஒரு நாள், ரெண்டு நாள்தான் உயிர். அந்த ரெண்டு நாளும் தின்னாது. இணை சேர்ந்து, முட்டை போட்டு, செத்துரும். நம்ம ஈசல் மாதிரி. அதனால டிரவுட் மேலே மிதக்கிற பூச்சியை வாய் பிளந்து பிடிக்கிறதைத்தான் எல்லாரும் படம் எடுத்துப் போடுறாங்களே தவிர, அது திங்கிறதில பெரும்பகுதி தண்ணிக்கு உள்ளேதான்.

அதுக்கப்புறம் அவன் டப்பாவில அஞ்சைத் தவிர மத்ததைத் தொடலை. நீங்க எங்கயாவது டிரவுட் இருக்கிற ஊர்ல போய் ஆரம்பிக்கப் போறவரா இருந்தா, அவன் சொன்ன அஞ்சையும் எழுதி வச்சுக்கோங்க.

ஒண்ணு, பாராசூட் ஆடம்ஸ். மேலே மிதக்கிறது. எந்த ஒரு பூச்சியையும் அச்சா நகல் எடுக்காது. பல மேஃப்ளைக்குப் பொதுவா ஒத்துவரும். நடுவில வெள்ளையா ஒரு கொண்டை இருக்கிறதால புதுசா பிடிக்கிறவன் கண்ணுக்குத் தண்ணியில தெரியும்.

ரெண்டு, எல்க் ஹேர் கேடிஸ். அந்தக் குழாய் வீட்டுப் புழு வளர்ந்து றெக்கை முளைச்ச உருவம். எல்க் மான் மயிர்ல கட்டினது. சலசலன்னு ஓடுற தண்ணியிலயும் முங்காம மிதக்கும்.

மூணு, ஃபெசன்ட் டெயில். தண்ணிக்குள்ள ஓடுறது. ஃபிராங்க் சாயர் என்று இங்கிலாந்தில ஏவன் ஆத்துக்குக் காவல்காரரா இருந்தவர் கட்டினது. ஃபெசன்ட் பறவையோட வால் இறகும் செம்புக் கம்பியும், அவ்வளவுதான், நூல்கூடக் கிடையாது. தினமும் ஆத்தைப் பார்த்துக்கிட்டே இருந்த மனுஷன், தண்ணிக்குள்ள நீந்துற பூச்சிகளுக்குப் பொதுவா என்ன உருவம் இருக்குன்னு கண்டுபிடிச்சு, அதை மட்டும் கட்டினார். இன்னிக்கும் உலகம் பூரா அதைத்தான் போடுறாங்க.

நாலு, ஜீப்ரா மிட்ஜ். கொசு மாதிரி இருக்கிற மிட்ஜ் என்கிற பூச்சியோட புழுப்பருவத்துக்குப் பதிலா போடுறது. நம்ம சுண்டுவிரல் நகத்தில பாதி கூட இருக்காது. குளிர்காலத்தில வேற பூச்சி இல்லாதப்போ இதுதான் கை கொடுக்கும்.

அஞ்சு, உல்லி பக்கர். பெரிசு. அட்டை மாதிரி, மீன்குஞ்சு மாதிரி தண்ணிக்குள்ள நெளியும். எதுவும் எடுக்காதப்போ இதைப் போட்டு மெல்ல இழுத்துப் பார்க்கலாம்.

முதல் ரெண்டும் 14, 16 நம்பர் முள்ளில இருந்தா போதும். ஃபெசன்ட் டெயில் 16. மிட்ஜ் 20 பக்கம். பக்கர் 8 இல்லாட்டி 10. நம்பர் ஏற ஏற முள் சிறுசாகும், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. முதல்ல அளவு சரியா இருக்கணும். அப்புறம் உருவம். நிறம் கடைசி. அதைவிட முக்கியம், தண்ணி எந்த வேகத்தில போகுதோ அதே வேகத்தில பூச்சியும் போகணும். நரம்பு இழுத்து, பூச்சி மட்டும் வேகமாவோ குறுக்காவோ போச்சுன்னா மீனுக்குத் தெரிஞ்சுபோகும். பூச்சி சரியில்லைன்னு புதுசா வர்றவன் பாதி நேரம் மாத்துறது, உண்மையில வீச்சு சரியில்லாததாலதான்.

(நம்ம ஊர்லயே டிரவுட் உண்டு. நீலகிரியில அவலாஞ்சியில 1907-லேயே வெள்ளைக்காரன் டிரவுட் பண்ணை வச்சான். ஆனா டப்பாவைத் தூக்கிக்கிட்டு நேரா போயிராதீங்க. அங்க நிறைய இடம் காப்புக்காடு, முக்கூர்த்தி பக்கம் தேசியப் பூங்கா. எங்க போடலாம், போடக்கூடாதுன்னு வனத்துறையிலயும் மீன்துறையிலயும் கேட்டுட்டுப் போங்க.)

இதுக்கு எதிர்ப்பேச்சும் உண்டு. ரொம்ப வருஷமா பிடிக்கிறவங்க, “அஞ்சு போதாது, சில மீன் அன்னிக்கு வந்த பூச்சியை அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருந்தாத்தான் தொடும்” என்பாங்க. அதுவும் உண்மையாம். தெளிஞ்சு மெதுவா ஓடுற தண்ணியில, தினமும் ஆள் வந்து போற இடத்தில, மீனுக்குக் கண்ணு கூர்மையாயிரும். ஆனா அது அந்தப் பெரியவரோட பிரச்சினை, முதல் வருஷக்காரனோட பிரச்சினை இல்ல. எண்பது பூச்சி வாங்கினவன், எண்பதில எதுன்னு டப்பாவையே பார்ப்பான். அஞ்சு வச்சிருக்கிறவனுக்குத் தண்ணியைப் பார்க்கிறதைத் தவிர வேற வழியில்ல. என் கட்சி இதுதான்: குறைச்சலா வச்சிருந்தாத்தான் கண்ணு திறக்கும்.

நம்ம தூண்டிலுக்கும் இதே கதைதான். கெளுத்திக்கும் ஆராலுக்கும் மண்புழு. கெண்டைக்கும் ஜிலேபிக்கும் மைதா மாவு பிசைஞ்சு உருட்டினா போதும். விராலுக்குச் சின்னத் தவளை. எங்க அப்பா காலத்தில இருந்து இந்த மூணுதான். மூணுக்கும் காசு கிடையாது. தண்ணி கலங்கலா தெளிவா, மீன் அடியில கிடக்கா மேலே மேயுதா என்று பார்த்துத் தக்கையை ஏத்தி இறக்குவோம். அதுதான் வித்தை. இரை இல்ல.

இவ்வளவும் நான் திண்ணையில உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கிட்டு இருந்தேன். “பாத்தியா, பாக்காம வாங்கினா இப்படித்தான்” என்று அவனுக்கு புத்தி வேற சொன்னேன். ராத்திரி படுத்தப்பதான் சுருக்குன்னு உறைச்சது. நான் மட்டும் என்ன செய்யறேன்?

நாத்து நட்டு இருபது நாள் ஆச்சுன்னா நான் மருந்துக் கடையில போய் நிப்பேன். “குருத்துப் புழு விழற நேரம், குருணை மருந்து குடுங்க” என்பேன். விழுந்திருக்கான்னு பார்த்தேனா? இல்ல. பக்கத்து வயக்காரர் போட்டார், நானும் போட்டேன். இலை கொஞ்சம் சுருண்டா அதுக்கு ஒண்ணு. பொதி கட்டும்போது புகையான் வந்துருமோன்னு பயத்தில ஒண்ணு. கடைக்காரர், “இதையும் சேர்த்து அடிங்க அண்ணாச்சி, ரெண்டுக்கும் கேக்கும்” என்றால் அதையும் வாங்கிட்டு வருவேன். எண்பது பூச்சி டப்பா எங்க வீட்டிலயும் இருக்கு. சாக்கு மூட்டைக்குப் பின்னால, பாட்டிலும் பொட்டலமுமா.

வேளாண்மைத் துறைக்காரங்க எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க. பயிர் வளர்ற பருவத்தில பத்து சதவீதக் குருத்து காய்ஞ்சாத்தான் மருந்தைப் பத்தி யோசிக்கணும், அதுவரைக்கும் வயல்ல இறங்கி எண்ணிப் பாருங்க என்று. சிலந்தியும் தட்டானும் நமக்கு சம்பளம் வாங்காத வேலைக்காரங்க, மருந்து அடிச்சா முதல்ல சாகிறது அவங்கதான் என்று. இந்தோனேசியாவில இதுக்காக 1986-ல நெல்லுக்கு அடிக்கிற 57 மருந்தை அரசாங்கமே தடை பண்ணினது. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் கூடிக்கிட்டே போனதுதான் காரணம். அதுக்கப்புறம் அங்க விவசாயிகளை வயலுக்குள்ள இறக்கி, எத்தனை கெட்ட பூச்சி, எத்தனை நல்ல பூச்சின்னு எண்ணச் சொல்லிக் கொடுத்தாங்க. அந்தப் பெரியவர் கல்லைப் புரட்டினாரே, அதே பாடம். எனக்கும் இதெல்லாம் தெரியும். தெரிஞ்சும் எண்ணினதில்ல. எண்ணுறதுக்கு ஒரு காலைப்பொழுது வேணும். வாங்குறதுக்கு அஞ்சு நிமிஷம் போதும்.

மறுநாள் காலையில நான்தான் தம்பி மகனை எழுப்பினேன். “வாடா, கல்லு புரட்டிப் பார்ப்போம்.”

முதல்ல அணைக்கட்டுக்குக் கீழே ஆத்துக்குப் போனோம். முழங்கால் தண்ணியில ஒரு கல்லை எடுத்துப் புரட்டினான். இருந்தது. மூணு வால் பூச்சி, இங்கயும். மணல் ஒட்டின குழாய் வீடும் இருந்தது. அறுபது வருஷமா அந்தத் தண்ணியில குளிக்கிறேன், ஒருநாள் கூட நான் அதைப் பார்த்ததில்ல. பையன் உள்ளங்கையில வச்சு எண்ணிக்கிட்டே இருந்தான்.

அப்புறம் எங்க வயல்களோட தண்ணியெல்லாம் சேர்ந்து இறங்குற வடிகால் ஓடைக்கு வந்தோம். பத்துக் கல் புரட்டியிருப்போம். மூணு வால் பூச்சி ஒண்ணுகூட இல்ல. சேத்துக்குள்ள சிவப்பா நூல் மாதிரி புழு மட்டும் நெளிஞ்சது. “மேஃப்ளைக்கு சுத்தமான தண்ணி வேணும் பெரியப்பா. இந்தச் சிவப்புப் புழு எதையும் தாங்கும்” என்றான். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. பெரியப்பாகிட்ட அதுக்கு மேல சொல்லக்கூடாதுன்னு அவனுக்குத் தெரியும்.

பத்துக் கல்லைப் புரட்டிட்டு நான் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஓடையில தண்ணி ஓட்டம் கம்மி, அடியில சேறு. தெருவில இருந்து சோப்புத் தண்ணியும் சாக்கடையும் அதிலதான் வந்து விழுது. எல்லாம் சேர்ந்துதான். ஆனா வரப்பில வெட்டின எட்டுக் குழிக்கு சாக்கடை மேல பழி போட முடியாது. அந்த மண்ணில விழுந்தது நான் தூவினது மட்டும்தான். கார்போஃபியூரான் குருணை மண்புழுவுக்கு எமன்னு பொட்டலத்தைத் தூக்குறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்.

உங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். ‘விவசாயி மண்ணோடு பேசுறவன்’ என்று நகரத்தில இருந்து எழுதுறவங்க நிறையச் சொல்றீங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நாங்களும் உங்களை மாதிரித்தான். நீங்க ஓடணும்னு நினைச்சா முதல்ல செருப்பு வாங்குறீங்க, நாங்க பூச்சின்னு நினைச்சா முதல்ல மருந்து வாங்குறோம். ஒரே வித்தியாசம், உங்க செருப்பு மூலையில கிடக்கும். எங்க மருந்து மண்ணில கிடக்கும், அப்புறம் உங்க தட்டுக்கும் வரும்.

அதுக்காக ராவோட ராவா நான் இயற்கை விவசாயியா மாறிட்டேன்னு நினைக்காதீங்க. கடன் இருக்கு. அறுப்பு மிஷினுக்கு வாடகை கொடுக்கணும். இந்தக் காருக்கு ஒரே ஒரு ஏக்கர் மட்டும், ஆத்தை ஒட்டின துண்டு, குருணை போடாம விட்டிருக்கேன். எருக்குழி எருவை அதுக்குத்தான் அடிச்சேன். வாரத்தில ரெண்டு நாள் காலையில இறங்கி எண்ணுறேன். போன வாரம் குருத்து காய்ஞ்சது நூத்துக்கு நாலு. பத்து ஆனா மருந்து அடிப்பேன், மறைக்க மாட்டேன். இதுவரைக்கும் ஆகலை. மூட்டை குறையலாம். குறைஞ்சா எத்தனை குறைஞ்சதுன்னு இங்கயே எழுதறேன்.

பக்கத்து வயக்காரர் வரப்பில நின்னு, “என்ன அண்ணாச்சி, பயிருக்குள்ள என்ன தொலைச்சீங்க?” என்று கேட்டார். “எண்ணிக்கிட்டு இருக்கேன்” என்றேன். சிரிச்சுட்டுப் போனார். சிரிக்கட்டும். கல்லைப் புரட்டின பெரியவரைப் பார்த்தும் முதல்ல நாலு பேர் சிரிச்சிருப்பாங்க.

தூண்டில் பிடிக்க ஆசைப்படுறவங்களுக்கு நான் சொல்றதும் இதுதான். அது டிரவுட்டா இருக்கட்டும், எங்க ஊர்க் கெண்டையா இருக்கட்டும். முதல்நாள் கடைக்குப் போகாதீங்க. தண்ணிக்குப் போங்க. தூண்டில் இல்லாமப் போங்க. ஒரு மணி நேரம் உட்காருங்க. என்ன பறக்குது, என்ன மிதக்குது, கல்லுக்கடியில என்ன இருக்குன்னு பாருங்க. புரட்டின கல்லை அப்படியே திருப்பி வச்சுட்டு வாங்க, அதுக்கடியில குடும்பம் இருக்கு. அப்புறம் போய் அஞ்சு வாங்குங்க. ஆறாவது வேணுமான்னு தண்ணியே சொல்லும்.

போன ஞாயித்துக்கிழமை பையன் போன்ல வந்தான். ஊர்ல எல்லாரையும் விசாரிச்சான். கடைசியில, “தாத்தா, வயல்ல புழு வந்துருச்சா?” என்று கேட்டான். அவன் மறக்கலை.

அந்த ஒரு ஏக்கர் வரப்பில முந்தின நாள்தான் வெட்டிப் பார்த்திருந்தேன். எட்டு இடத்தில.

“ஒண்ணு இருக்குலே” என்றேன். இந்தத் தடவை பொய் இல்ல.